ஜீப்பில் அனுப்பிய சேதி

ஒரு பெண்ணின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பதை, அவருக்குச் சொல்வதற்கு முன்பே, ஒரு ஜீப் நிறைய ஆட்களுக்குத் தெரியும்படி செய்தவன் நான். சொன்னதும் தவறு, சொன்ன விதமும் தவறு. இரண்டும் தெரிந்த பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக நான் வாய் திறக்கவில்லை. மூன்றில் எது பெரிய குற்றம் என்று கேட்டால், வாய் திறக்காததுதான்.

நான் மருத்துவன். ஆனால் நோயாளியின் நாடி பிடிக்கிற மருத்துவன் அல்ல. ஜவ்வாது மலைக்குக் கீழே ஒரு மருத்துவமனையில் வைரஸ் பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். அங்கே சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடக்கும். கொடுப்பவர், பெறுபவர் இருவருடைய ரத்தமும் முதலில் என் கூடத்துக்குத்தான் வரும். மஞ்சள் காமாலைக் கிருமிகள், எச்.ஐ.வி., இன்னும் சில. கொடுப்பவரின் உடம்பில் சத்தமில்லாமல் கிடக்கும் ஒரு கிருமி, சிறுநீரகத்தோடு சேர்ந்து பெறுபவரின் உடம்புக்குள் போய்விடலாம். அங்கே எதிர்ப்புச் சக்தியை மருந்து கொடுத்து அடக்கி வைத்திருப்பார்கள். காவல் இல்லாத வீட்டுக்குள் திருடன் நுழைந்த மாதிரி ஆகிவிடும். அதனால் எங்கள் வேலை சந்தேகப்படுவது. பல வருடம் சந்தேகப்பட்டே பழகியதில், ஒரு சோதனையில் ஒரு குறி தெரிந்தாலே தீர்ப்பு எழுதிவிடும் வேகம் எனக்கு வந்திருந்தது. அந்த வேகத்தை அனுபவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் மலைமேல் நெல்லிவாசல்நாட்டுப் பக்கத்து ஊர்க்காரர். நாற்பது வயதிருக்கும். கணவர் இறந்து நாளாகியிருந்தது. சொந்தமாகக் கொஞ்சம் சாமை விளைகிற கொல்லை நிலம். அவருடைய தம்பி கீழே ஒரு செருப்புக் கம்பெனியில் தையல் வேலை பார்த்தவன். இரண்டு சிறுநீரகமும் கெட்டு, எங்கள் மருத்துவமனையிலேயே டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தான். மலைக்கும் ஊருக்கும் அலைய முடியாமல் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தான். அக்கா தருகிறேன் என்றார். ரத்த வகை பொருந்தியது. முதல் கட்டச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு மலைக்குத் திரும்பினார். மறு வாரம் அடுத்த கட்டத்துக்கு வர வேண்டும்.

அவர் வருவதற்கு முந்தைய நாள் மத்தியானம் ஒரு முடிவு வந்தது. மஞ்சள் காமாலை பி வகைக் கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஒரு பொருள் அவர் ரத்தத்தில் இருந்தது. இதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். கிருமி இன்னும் உள்ளே இருக்கலாம். அல்லது எப்போதோ வந்து, உடம்பு அதை வென்று அனுப்பிவிட்டிருக்கலாம். எது என்று தெரிய இன்னும் மூன்று சோதனை செய்ய வேண்டும். மாதிரி இருந்தது, இயந்திரம் இருந்தது, பொறுமைதான் இல்லை. எங்கள் கூடத்தில் ஒரு விதியும் இருந்தது. இப்படிப்பட்ட முடிவை, மறுபடி சோதித்த பிறகு, சம்பந்தப்பட்டவரிடம் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு சொல்ல வேண்டும். அந்த விதியை எழுதியதே நான்தான்.

அவர் ஊரில் அப்போது போன் எடுக்காது. மலைக்குச் சேதி அனுப்ப எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். ஒடுகத்தூரிலிருந்து மலைக்குப் போகும் ஷேர் ஜீப்புகளில் ஒன்றை ஓட்டுகிற பாய் ஒருவர், நோயாளிகளை இறக்கிவிட எங்கள் வாசல்வரை வருவார். மாத்திரை, ஸ்கேன் படம், விதை மூட்டை, கல்யாணச் சேதி, சாவுச் சேதி எல்லாம் அவர் ஜீப்பில்தான் மேலே ஏறும். அன்றைக்கு அவர் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“பாய், அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க. நாளைக்கு வர வேணாம். ரத்தத்துல கிருமி இருக்குது. கிட்னி எடுக்க முடியாது.”

“இன்னா கிருமி சார்?”

“அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? கிருமின்னு சொல்லுங்க, போதும்.”

ஒரு நாள் கூலியையும் அலைச்சலையும் அவருக்கு மிச்சப்படுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். நல்லது செய்த திருப்தியோடு சாப்பிட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மற்ற முடிவுகள் அந்த வாரக் கடைசியில் வந்தன. கிருமி இல்லை. சுத்தமாக இல்லை. எப்போதோ வந்து போயிருக்கிறது; உடம்பில் நல்ல எதிர்ப்பும் இருக்கிறது. தம்பிக்கு முறையாகத் தடுப்பூசி போட்டு, அவன் உடம்பிலும் எதிர்ப்பு உண்டான பிறகு, அக்காவின் சிறுநீரகத்தை வைக்கலாம். அப்படித்தான் அறிக்கை கொடுத்தேன். மாற்று சிகிச்சை மருத்துவர் தம்பியை அழைத்து அக்காவை வரச் சொன்னார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “வூட்ல ஒத்துக்கல சார், அக்கா வராது” என்று சொல்லியிருக்கிறான். மலை ஜனம் பயந்துவிட்டது என்று மருத்துவர் என்னிடம் வருத்தப்பட்டார். கிருமி என்று நான் சொல்லி அனுப்பியது அவருக்குத் தெரியாது. அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். “இருக்கும்” என்றேன். எனக்குள் நிம்மதியாகவும் இருந்தது.

வருடம் போயிற்று. நான் ஓய்வு பெற்றேன். வாரத்துக்கு ஒருமுறை ஆலோசனை சொல்ல மட்டும் போய்வந்தேன். அப்படி ஒரு நாள் டயாலிசிஸ் பிரிவு வழியாக நடந்தபோது அந்தத் தம்பியைப் பார்த்தேன். ஆள் பாதியாகியிருந்தான். கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வணக்கம் சொன்னான். பேச்சுக்குக் கேட்டேன், “அக்கா எப்படி இருக்காங்க?”

“கீது சார். தனியா கீது.”

“தனியான்னா?”

அவன் பக்கத்துப் படுக்கையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “அந்த நோயி கீதுன்னு ஊருக்கே தெரியுமே சார். யாரும் அது வூட்ல தண்ணி குடிக்கறதில்ல.”

“எந்த நோய்?”

“நீங்கதான சார் பாய்கிட்ட சொல்லி அனுப்பினீங்க.” குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. எனக்கு ஞாபகப்படுத்துகிற குரல்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் கிருமி என்று மட்டும் சொன்னேன். ஜீப்பில் அன்றைக்கு முன்னும் பின்னும் ஆள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் நான் சொன்னதைக் கேட்டவர்களும் அதில் இருந்தார்கள். பெயர் சொல்லாத கிருமி என்றால் ஜனங்களுக்கு எய்ட்ஸ் ஒன்றுதான். மேலே போய்ச் சேர்வதற்குள் அவருடைய இறந்த கணவர் வெளியூரில் லாரியில் வேலை பார்த்ததும் அந்தச் சேதியோடு சேர்ந்துகொண்டது. அவர் வண்டி கவிழ்ந்து செத்தவர். அதுவும் இப்போது வேறு மாதிரி பேசப்பட்டது.

அந்த ஊர்களில் களையெடுப்புக்குக் கூலிக்கு ஆள் வைப்பதில்லை. இன்றைக்கு உன் கொல்லை, நாளைக்கு என் கொல்லை என்று எல்லோரும் சேர்ந்து இறங்குவார்கள். யாருடைய கொல்லையோ அவர் வீட்டில் அன்றைக்குச் சாப்பாடு. இந்த அம்மாள் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட யாருக்கும் மனம் வரவில்லை. அதனால் களையெடுக்கவும் யாரும் வரவில்லை. அவரையும் மற்றவர்கள் கூப்பிடவில்லை. ஒரு வருடச் சாமை புல்லுக்குள் போய்விட்டது. ஜீப்பில் ஏறினால், மடியில் ஆளை வைத்துக்கொண்டு போகிற ஜீப்பில், அவருக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருக்குமாம். அதன் பிறகு அவர் ஜீப் ஏறுவதை விட்டுவிட்டார்.

“எனக்குக் குடுக்க வந்துதான சார் அதுக்கு இந்தக் கதி,” என்றான் தம்பி. “அதனாலதான் நான் டாக்டர்கிட்ட ஒண்ணும் சொல்லல. இன்னொரு தபா அதை இட்டாந்து அசிங்கப்படுத்த வேணாம்னு.”

அக்காவுக்குக் கிருமியே இல்லை என்று அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் இயந்திரத்தில் ரத்தம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “எப்போலேந்து சார் தெரியும்?” என்றான்.

அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்றைக்கே மாற்று சிகிச்சை மருத்துவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என்னிடம் படித்தவர் அவர். நான் பேசி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை. “ஒரு வருஷ டயாலிசிஸ், சார். அந்த இதயம் இப்ப எப்படி இருக்கோ, அதைப் பார்த்துட்டுத்தான் ஆபரேஷனே முடிவு பண்ணணும்,” என்றார். அடுத்த வாரத்திலிருந்து ஆலோசனைக்கு வர வேண்டாம் என்று நிர்வாகத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அது நியாயம். ஆனால் அந்த மருத்துவர் ஒன்று செய்தார். தம்பியின் இதயத்தைச் சோதித்தார், தாங்கும் என்று தெரிந்ததும் தடுப்பூசியை ஆரம்பித்தார். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அது லேசில் பிடிக்காது. இரட்டை அளவு போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் அக்காவைச் சம்மதிக்க வைக்க வேண்டியது என் பொறுப்பு என்றார்.

ஒடுகத்தூரில் அதே பாயின் ஜீப்பில் ஏறினேன். முன்சீட்டில் உட்காரவைத்தார். விஷயத்தைச் சொன்னதும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார்: “நீங்க சொன்னதைத்தான் சார் நான் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டல. இன்னா கிருமின்னு உங்களைக் கேட்டேன் பாருங்க, அதுக்குப் பதில் சொல்லியிருந்தா இவ்ளோ வந்திருக்காது.”

பின்னாலிருந்து ஒரு கிழவர், “பாய், ரோட்டைப் பாரு. அப்புறம் நாங்க அல்லாரும் கிட்னி குடுக்கற மாதிரி ஆய்டப்போவுது,” என்றார். ஜீப் சிரித்தது. நானும் சிரித்தேன், பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டேன்.

அந்த அம்மாள் தன் கொல்லையில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். தனி ஆளாகச் செய்ததில் பாதிக் கொல்லை சுத்தமாகவும் பாதி காடாகவும் இருந்தது. தம்பி இருக்கிற மருத்துவமனையிலிருந்து வருகிறேன் என்றதும் நிமிர்ந்தார். “தம்பிக்கு இன்னா ஆச்சு?”

“அவருக்கு ஒண்ணும் இல்லம்மா. நான்தான் அன்னைக்கு பாய்கிட்ட சொல்லி அனுப்பினவன்.”

மறுபடியும் குனிந்துகொண்டார். “இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. கிட்ட வராதீங்க சார், ஒட்டிக்கும்.”

வரப்பிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பயிற்சி இல்லாத வாய். முதலில் எதிர்ப்பொருள், உறுதிச் சோதனை என்று ஏதோ பேசினேன். அவர் காதில் வாங்காமல் களை பிடுங்கினார். அப்புறம்தான் சொல்லத் தோன்றியது. “அம்மை வந்து போனா தழும்பு நிக்குமில்லம்மா? தழும்பைப் பார்த்துட்டு அம்மை இருக்குதுன்னு சொல்லிட்டேன். தழும்புன்னு அப்புறம் தெரிஞ்சுது. தெரிஞ்சும் வந்து சொல்லல.”

அவர் கை நின்றது. “அப்போ தம்பிக்குக் குடுக்கலாமா?”

தன் பெயரைப் பற்றியோ, கணவர் பெயரைப் பற்றியோ, புல்லுக்குள் போன சாமையைப் பற்றியோ அவர் முதலில் கேட்கவில்லை.

“குடுக்கலாம்னுதான் தெரியுது. ஆனா நாள் ஆயிடுச்சு. இன்னொரு தபா ரத்தம் எடுத்துப் பார்க்கணும்.”

“இன்னொரு தபாவா?” இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “இந்தத் தபா யார்கிட்ட சொல்லி அனுப்புவீங்க? பாய் கீறாரா, இல்ல பஸ்ஸு டிரைவரா?”

அவர் களைச்செடிகளின் மண்ணை உதறி ஓரமாகப் போட்டார்.

“வர்றேன்,” என்றார். “தம்பிக்கோசரம் வர்றேன். ஆனா நீங்க எனக்கு வந்து காதுல சொன்னா பத்தாது. ஊருக்குச் சொன்னீங்க இல்ல, ஊருக்குச் சொல்லுங்க. ரேஷன் போடுற அன்னிக்கு அல்லாரும் வருவாங்க.”

ஒருவருடைய சோதனை முடிவைப் பிறர் முன் சொல்லக் கூடாது என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். இன்னும் ஒருமுறை கேட்டேன், நிச்சயமாக எல்லார் முன்னாலும் சொல்லட்டுமா என்று. “என் ரத்தம் சார். நான்தான சொல்லச் சொல்றேன்,” என்றார்.

ரேஷன் நாளில் போனேன். அரிசிக்கு வரிசையில் நின்றவர்கள் முன்னால் நின்று, இந்த அம்மாவுக்கு எந்த நோயும் இல்லை, நீங்கள் நினைத்த நோய் எப்போதும் இருந்ததில்லை, தப்பாகச் சொல்லி அனுப்பினது நான், அப்புறம் தெரிந்தும் மறைத்தது நான் என்று சொன்னேன். மேடையில் எத்தனையோ மாநாடுகளில் பேசியிருக்கிறேன். அன்றைக்கு மைக் இல்லை, கடைசி ஆள்வரை கேட்கும்படி இரண்டுமுறை சொன்னேன்.

வரிசையில் ஒருவன் கேட்டான், “இப்ப கிட்னி வேணும்னு மாத்திச் சொல்றீங்களா சார்?”

“அவங்க கிட்னி எனக்கு இல்லப்பா, அவங்க தம்பிக்கு.”

“படிச்சவங்களே தப்பு பண்ணா நாங்க யாரை நம்பறது?” என்றாள் ஒரு பெண். இன்னொரு பெண், அரிசிப் பையைத் தோளில் மாற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: “நான் அப்பவே சொன்னேன், அவ புருசன் அப்படியாப்பட்ட ஆளு இல்லன்னு.”

“நீயா சொன்ன? முதல்ல என்கிட்ட வந்து சொன்னதே நீதான்டி,” என்று பின்னாலிருந்து வந்தது. வரிசையில் சண்டை பிடித்துக்கொண்டது. அந்த அம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்ததை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அவர் வீட்டில் சாமைச் சோறும் கொள்ளு ரசமும் போட்டார். கதவைத் திறந்து வைத்து, வெளியிலிருந்து தெரியும்படி உட்கார்ந்து சாப்பிட்டேன். ஊர் ஒன்றும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. அந்த வாரம் களைக்கு வந்தவர்கள் இரண்டே பெண்கள். ஒருத்தி வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்திருந்தாளாம். மத்தியானம் அது தீர்ந்து போனதும் இவர் சொம்பை நீட்டினார். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு வாங்கிக் குடித்தாள் என்று பிறகு சொன்னார்.

தம்பியின் உடம்பில் தடுப்பூசி பிடிக்க நாளாயிற்று. முதலில் எதிர்ப்பு வரவே இல்லை. மறுபடி போட்டார்கள். ஒருவழியாகப் போதுமான அளவு வந்தது. அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரம் இருவரையும் மறுபடி முழுக்கச் சோதித்தார்கள். இடையில் புதிதாக ஏதாவது ஒட்டியிருந்தாலும் தெரிந்துவிட வேண்டும் என்பது முறை. அந்தச் சோதனையில் எது தவறாக வந்தாலும் எல்லாம் போச்சு. தம்பிக்குக் கொடுக்க வேறு யாரும் இல்லை.

முடிவு சொல்லும் நாளன்று நானும் போயிருந்தேன். புதிதாகப் பொறுப்பேற்ற பெண் மருத்துவர் அந்த அம்மாளை அறைக்குள் அழைத்தார். பழக்கதோஷத்தில் நானும் எழுந்தேன். அந்த அம்மாள் வாசற்படியில் திரும்பினார்.

“நீங்க இங்கயே உக்காருங்க சார்.”

கதவு சாத்திக்கொண்டது. என் பணிக்காலம் முழுவதும் இந்த மருத்துவமனையில் யார் ரத்தத்தில் என்ன என்பது முதலில் எனக்குத்தான் தெரியும். அன்றைக்கு மற்ற உறவினர்களோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே எதுவும் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் இருப்பதுதான் சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் காது அந்தப் பக்கமே போயிற்று. காத்திருப்பவர்களின் அந்த நாற்காலி எவ்வளவு கடினம் என்பது அந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

வெளியே வந்தவர் என் பக்கம் பார்க்கவில்லை. நேராக டயாலிசிஸ் பிரிவுக்கு நடந்தார். நான் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் போனேன். படுக்கையருகே போய்த் தம்பியின் தலையில் கைவைத்து ஏதோ சொன்னார். அவன் ஊசி இல்லாத கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்து, “சார், அக்கா கிட்னி ரொம்ப வேல செய்ற கிட்னியாம். எனக்குத் தாங்குமான்னு பாருங்க,” என்றான். அப்படித்தான் எனக்கு முடிவு தெரிந்தது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மேசையிலேயே சிறுநீர் வர ஆரம்பித்துவிட்டது என்று செவிலியர் வந்து சொன்னார். தம்பி அதன் பிறகு இரண்டுமுறை காய்ச்சலில் படுத்தான். மருந்தைக் கூட்டிக் குறைத்து மீட்டெடுத்தார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் அவன் ரத்தத்தில் அந்தக் கிருமி தலைகாட்டுகிறதா என்று இன்றைக்கும் பார்க்கிறார்கள். இதுவரை இல்லை. செருப்புத் தையலுக்கு அவன் திரும்பிவிட்டான், உட்கார்ந்து செய்கிற வேலை மட்டும்.

அந்த அம்மாள் என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. போன மாதம் போன் செய்தார். மேலே இப்போது டவர் வந்துவிட்டது. ஊரில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ நாள் நெருங்குகிறதாம். “பொறந்த அன்னிக்கே போடணுமே ஒரு ஊசி, மஞ்சக்காமாலைக்கு, அது நம்ம மலை ஆஸ்பத்திரியில கீதான்னு நீங்களே போய்க் கேட்டுச் சொல்லுங்க. நர்ஸம்மா மருந்து வரும்னு சொல்லுவாங்க, வராது,” என்றார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறி மலையில் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தேன். மருந்து இருந்தது. அவருக்குப் போன் செய்து சொன்னேன். “சரி சார்,” என்று வைத்துவிட்டார்.